ஒரே அறுப்பில் இரண்டு யானை

பெட்டிக்காரருக்கு எதையும் ஒற்றையாகச் செய்யத் தெரியாது. யானை செய்தால் இரண்டு யானை. லாரி செய்தால் இரண்டு லாரி. ஒருநாள் ஆயாக்கொட்டகைத் தொட்டிலுக்கு ஓர் ஆணி வேண்டும் என்று கேட்டேன். இரண்டு கொண்டுவந்தார். "ஒண்ணு போதும்ணே" என்றேன். "கெடக்கட்டும் தங்கச்சி" என்று இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பள நாளில் கணக்கெழுதுகிற கிராணி அதைச் சொல்லிக் கூப்பிடும்போது, யாரையோ கூப்பிடுகிறார் என்று அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் சம்சாரம் இன்னும் உயிரோடு இருந்தால், இதை யாராவது வாசித்துக் காட்டித் தொலைப்பார்கள்.

தானா ராத்தா டவுனில் தோட்டத்து லாரியைப் பிடித்து, மலையில் வளைவு வளைவாகச் சுற்றி, காலையில் தின்றதெல்லாம் தொண்டைக்கு வருகிற நேரத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம் வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணம் கட்டிக்கொண்டு அங்கே போனேன். கொழுந்து பறிக்க எனக்கு வரவில்லை. மலைச்சரிவில் நின்றால் தலை சுற்றியது. அதனால் ஆயாக்கொட்டகையில் போட்டார்கள். விடியும் முன்பே தாய்மார்கள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் தள்ளிவிட்டு மலைக்கு ஏறிப்போவார்கள். அழுகிறது, மூக்கு ஒழுகுகிறது, கடிக்கிறது, பக்கத்துப் பிள்ளையின் பாலைப் பிடுங்கிக் குடிக்கிறது என்று எல்லாம் என் தலையில்தான். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு வாய் கொஞ்சம் நீளமானதே அந்தக் கொட்டகையில்தான்.

பெட்டிக்காரர் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்த்தார். தேயிலையைப் போட்டு அனுப்புகிற ஒட்டுப்பலகைப் பெட்டிகளை அடிப்பது அவர் வேலை. பலகைகள் கட்டுக்கட்டாக வரும். வரும் வழியில் நனைந்து ஓரம் பிரிந்தது, மூலை சிதைந்தது எல்லாம் ஸ்டோர் அடுப்புக்குப் போய்விடும். அடுப்புக்குப் போகுமுன் அவர் போய் நிற்பார். கேட்டு வாங்கித்தான் எடுப்பார். ஒரு துண்டுகூடக் கேட்காமல் தொட்டதில்லை. சக்கரத்துக்கு நூல்கண்டுக் கட்டை, அச்சுக்கு உடைந்த குடைக்கம்பி, கண்ணுக்கும் காதுக்கும் பெட்டியில் முத்திரை குத்துகிற கறுப்பு மையில் மிச்சம். அதனால் அவர் செய்த பிராணிகளில் சிலவற்றுக்கு முதுகில் பாதி எழுத்து ஒன்று நிற்கும். முயலின் தொடையில் தோட்டத்து முத்திரை இருந்ததைப் பார்த்து, "இதையும் ஏத்துமதி பண்ணிடுவாங்களாண்ணே?" என்று கேட்டேன். சிரித்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஒரு சிரிப்பு அவருக்கு உண்டு. அதைச் சிரித்தார்.

நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர். அவருடைய லயத்து வீட்டு ஜன்னல் கட்டையில், வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிற மாதிரி ஒரு கனத்த பலகையைத் திருகி வைத்திருந்தார். அதன் முனை வாய் பிளந்ததுபோல முக்கோணமாக வெட்டப்பட்டிருக்கும். அறுக்க வேண்டியதை அந்த வாயின்மேல் வைத்து இடக்கையால் அழுத்திக்கொள்வார். வலக்கையில் வில் மாதிரி வளைந்த இரும்புச் சட்டம், அதில் இழுத்துக் கட்டிய நூல் போன்ற மெல்லிய அலகு. அலகை மேலும் கீழும் இழுக்க இழுக்கப் பலகைதான் திரும்பும், ரம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும். சாயந்திரம் லயத்தில் குழாயடிச் சண்டை ஓய்ந்த பிறகு அந்தச் சத்தம் மட்டும் கேட்கும்.

இரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நடுவில் இரண்டு சின்ன ஆணி அடித்துச் சேர்த்துவிடுவார். மேல்பலகையில் பென்சிலால் யானை வரைவார். பிறகு ஒரே அறுப்பு. அறுத்து முடித்து ஆணிகளைப் பிடுங்கினால் ஒரு யானை இரண்டாகப் பிரியும். தும்பிக்கை வளைவு, வால், நகம் எல்லாம் அச்சு அசல். வயிற்றில் மட்டும் ஆணி போன இடத்தில் இரண்டு துளைகள் இருக்கும். கொட்டகைப் பிள்ளைகள் அந்தத் துளையில் விளக்குமாற்றுக் குச்சியைச் செருகி விளையாடும்.

இரண்டில் ஒன்று பிள்ளைகளுக்கு. இன்னொன்று எங்கே போகிறது என்பது தோட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவருக்கு ஒரு மகன் இருந்தான். என் கொட்டகையில்தான் வளர்ந்தான். மூன்று வயது முடியவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு எதையாவது கொடுத்து அவனுக்குக் கொடுக்க மறந்துவிட்டால் அழமாட்டான், பிடுங்கமாட்டான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்து நிற்பான். நாம் பார்க்கிறவரை அப்படியே நிற்பான். எவ்வளவு வேலை இருந்தாலும் அந்தக் கைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

பெட்டிக்காரர் முதன்முதலில் செய்தது ஒரே ஒரு லாரி. எங்களை வேலை வாங்குகிற கங்காணி தன் மகனுக்காகக் கேட்டிருந்தார். கங்காணி கேட்டால் யார் இல்லை என்பது? அதைக் கொடுக்க எடுத்தபோது அவருடைய மகன் வந்து கைகளை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். "எனக்கு?" என்று கேட்டிருக்கிறான். "நாளைக்கு அப்பா உனக்குச் செஞ்சு தரேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலம். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், ஊசி போட்டார்கள். நாளைக்கு நாளைக்கு என்று ஒரு வாரம் ஓடியது. அதற்குமேல் அவனுக்கு நாளை இல்லாமல் போனது.

சின்னப் பிள்ளைகளை எரிக்கும் வழக்கம் இல்லை. தேயிலைக்கு மேலே, காடு தொடங்குகிற இடத்தில் ஒரு மேடு உண்டு. அங்கேதான் புதைத்தார்கள். மூன்றாம் நாள் அவர் சம்சாரம் பிள்ளையின் சட்டை, குவளை, பாய் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆற்றில் விட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவள் வாயில் அவன் பேர் வந்ததில்லை. அந்த மேட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அதற்கப்புறம் அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் கழித்துப் பெட்டிக்காரர் கொட்டகைக்கு வந்தார். கையில் இரண்டு லாரி. ஒன்றைப் பிள்ளைகள் நடுவில் வைத்தார். அதுகள் காக்காய்க் கூட்டம் மாதிரி மேலே விழுந்தன. அவர் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, அவன் எங்க உக்காருவான்?" என்று கேட்டார்.

நான் மூலையைக் காட்டினேன். சுவரில் அவன் கரியால் கிறுக்கி வைத்தது அப்படியே இருந்தது. அவர் இரண்டாவது லாரியை அங்கே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். பிறகு அதை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு மேட்டுப் பாதையில் ஏறினார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து லயத்தில் எந்தப் பிள்ளைக்கு எது கிடைத்தாலும் அவனுக்கும் அது கிடைத்தது. யாருடைய பிள்ளைக்காவது பொம்மை கொடுத்துவிட்டு அவர் நேராக வீட்டுக்குப் போகமாட்டார். சட்டைக்குள் கையைக் கொடுத்தபடி மேட்டுப் பாதையில் போவார். பார்த்தவர்கள் விறகு பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எதை யாருக்குக் கொடுப்பது என்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. சேர்த்து அறுக்கும்போது அடிப்பலகையின் ஓரம் கொஞ்சம் சிராய்த்துக்கொள்ளும், மேல்பலகை வழவழப்பாக வரும். இரண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முதுகுக்குப் பின்னால் வைத்து மாற்றி மாற்றிக் கலைப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டுவார்.

"செராய்ப்பு உள்ளத அவனுக்கு வெச்சா என்னண்ணே? இங்க உள்ளதுங்க வாயில வெச்சுக் கடிக்குது" என்றேன் ஒருமுறை.

"அவனும் புள்ளதான தங்கச்சி" என்றார்.

என் வாயை மூட வைத்தவர்கள் அந்தத் தோட்டத்தில் ரொம்பக் குறைவு.

சம்பளம் போட்ட மறுநாள் அலகு வாங்கத் தானா ராத்தாவுக்குப் போவார். தவ்கே என்கிற சீன முதலாளி கடையில் வாங்கிக்கொண்டு, முஸ்லிம் காக்கா கடையில் தேநீர் குடிப்பார். "தே ரெண்டு" என்பார். காக்காவும் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "அண்ணே, இன்னோர் ஆளு எங்க?" என்று கேட்டார். "வருவான், வைங்க" என்றார் இவர். ஒன்றைச் சூடாகக் குடிப்பார். எதிரே உள்ளது ஆறிப்போய் மேலே ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு அதையும் குடித்துவிட்டு எழுந்து வருவார். இதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். "பெட்டிக்காரருக்கு மண்டையில ஸ்க்ரூ லூசுலா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "ஒனக்கு மட்டும் எல்லாம் டைட்டா இருக்கோ?" என்று கேட்டேன். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

அப்போது பங்களாவில் வெள்ளைக்காரத் துரை. துரைசானி மாசத்துக்கு ஒருமுறை கொட்டகையைப் பார்க்க வருவாள். ஒருநாள் முயலைப் பார்த்துவிட்டு அதிசயப்பட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று கிராணி மூலம் சொல்லியனுப்பினாள். பெட்டிக்காரர் வழக்கம்போல இரண்டு செய்து, பங்களாவுக்குப் போகும்போது ஒன்றைக் கையிலும் ஒன்றைச் சட்டைப்பையிலும் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். பையில் காது தெரிந்திருக்கிறது. அலமாரியில் ஜோடியாக வைத்தால் அழகாக இருக்கும், அதையும் கொடு என்று அவள் கேட்டிருக்கிறாள். துரைசானி கேட்டு இல்லை என்று சொன்ன ஆள் எங்கள் தோட்டத்தில் அவர் ஒருத்தர்தான். "இது எம் மவனோடது" என்று சொல்லிவிட்டார். கிராணி அதை இங்கிலீஷில் சொல்ல, அவள் மனசு இளகி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்து மகனுக்கு என்று கொடுத்தாள்.

அந்த டின் நேராக மேட்டுக்குப் போனது. குரங்குகள் தின்றிருக்கும்.

அடுத்த மாதம் கொட்டகைக்கு வந்த துரைசானி, அந்த வழியாகப் போன பெட்டிக்காரரை நிறுத்தி, உன் பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தாள். கிராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னைப் பார்த்தார். பெட்டிக்காரர் கொஞ்சமும் தயங்கவில்லை. "நல்லாருக்கான் மேடம்" என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷர் அவர். அவர் துரைசானியை ஏமாற்றவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படியே சில வருஷங்கள் போயின. கொட்டகையில் இருந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயின, வேறு பிள்ளைகள் வந்தன. மேட்டில் உள்ளவன் மட்டும் வளரவில்லை.

ஒரு மழைக்காலத்தில் செல்லம்மாவின் மகன் சேகர் காய்ச்சலில் விழுந்தான். செல்லம்மா எங்கள் லயத்துக் கடைசி வீடு. நல்ல மனசு, ஆனால் பூனை குறுக்கே போனால் வேலைக்கே போகமாட்டாள். காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டது. சேகர் கண்ணைத் திறக்காமல் "யானை, யானை" என்று பிதற்றினான். பெட்டிக்காரர் கொடுத்த யானை அவன் தலைமாட்டில்தான் இருந்தது. அதைக் கையில் கொடுத்தாலும், "இது இல்ல, அந்த யானை" என்று தள்ளினான். காய்ச்சலில் பிள்ளைகள் ஆயிரம் சொல்லும். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாமியாரைக் காவலுக்கு வைத்துவிட்டு, சம்பளம் போய்விடுமே என்று செல்லம்மா வேலைக்கு வந்தாள்.

அன்றைக்கென்று பார்த்துக் கங்காணி புல் வெட்டுகிற கூட்டத்தை மேட்டு ஓரத்துக்கு அனுப்பினார். தேயிலையைக் காடு மூடிக்கொண்டு வருகிறது, வெட்டுங்கள் என்று துரை உத்தரவு. செல்லம்மா முன்னால் வெட்டிக்கொண்டு போனாள். பெரணிச் செடியை ஒதுக்கினால், குட்டியாக ஒரு தகரக் கூரை. பெட்டிக்கு ஓரம் கட்டுகிற தகரத்தை நிமிர்த்தி அவர் போட்டு வைத்தது. அதன் அடியில் லாரி, முயல், குதிரை, வாத்து எல்லாம் வரிசையாக நின்றன. மலை ஈரத்தில் பலகை ஊதிப்போய், இதழ் இதழாகப் பிரிந்து, பாசி பிடித்திருந்தது. கடைசியில் நின்ற யானை மட்டும் புதுசு. செல்லம்மா அதை எடுத்துத் திருப்பினாள். வயிற்றில் இரண்டு ஆணித் துளை.

அவள் போட்ட சத்தம் கொட்டகைவரை கேட்டது.

பிள்ளையைக் கட்ட வேண்டும் என்றால் மந்திரவாதி பொம்மை செய்து அதில் ஆணி அடிப்பான், அதைச் சுடுகாட்டில் வைப்பான். இது எங்கள் ஆட்களில் பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. அதுவரை பொம்மையின் வயிற்றில் துளையைப் பார்க்காத தாய் ஒருத்தியும் இல்லை. அது எதற்கு என்று யாரும் யோசித்ததில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துபோனது, தப்பாக.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கோயில் வாசலில் கூடிவிட்டார்கள். பனி இறங்கி, எதிரில் நிற்பவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. மேட்டிலிருந்து கொண்டுவந்ததை ஒரு சாக்கில் போட்டு நடுவில் வைத்திருந்தார்கள். பெட்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் சம்சாரம் பெண்கள் பக்கம் கடைசியில் முக்காடு போட்டு நின்றாள். நான் கொட்டகைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"எங்க புள்ளைங்க பொம்மைக்கு எதுக்கு ஆணி அடிச்ச?" கங்காணி சாக்கையே பார்த்துக்கொண்டு கேட்டார். அவர் மகனுடைய பழைய லாரி மாதிரியே ஒன்று அந்தச் சாக்கில் இருந்தது.

"ரெண்டு பலகையும் நகராம இருக்கணும்ல கங்காணி" என்றார் பெட்டிக்காரர். "சேத்து அடிச்சு அறுத்தாத்தான் ரெண்டும் ஒரே மாதிரி வரும்."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு உங்க புள்ளைங்களுக்கு. ஒண்ணு எம் புள்ளைக்கு."

செல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டுக்கிட்டீங்களா? அவனே சொல்றான்லா! உசிரோட இருக்கற புள்ளையோடதையும் செத்த புள்ளையோடதையும் சேத்து ஆணி அடிச்சிருக்கான்! எம் புள்ள அந்த யானை அந்த யானைன்னு அங்கதான போறேங்கறான்!"

"சேகருக்குக் காச்சல், செல்லம்மா. டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காரு" என்று நான் கத்தினேன். "இந்த மனுஷன் எத்தன வருசமா நம்ம புள்ளைங்களுக்குச் செஞ்சு குடுக்கறாரு. ஒத்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"ஒனக்குப் புள்ள இல்ல, நீ பேசுவ" என்றாள் அவள்.

எனக்கு அப்போது பிள்ளை இல்லைதான். அவள் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் போட்டுவிட்டு நிற்கிறவளிடம் என்ன நியாயத்தைப் பேசுவது?

எல்லாவற்றையும் எரித்துவிடுவது என்று முடிவானது. வீட்டுக்கு வீடு போய்ப் பொம்மைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டகையில் இருந்ததையும் எடுத்துவந்தார்கள். பிள்ளைகள் அழுதன. தீ வைத்ததும், லயத்திலிருந்து வந்தவை சடசடவென்று பற்றிக்கொண்டன. கங்காணி சாக்கைத் தூக்கினார்.

பெட்டிக்காரர் அப்போதுதான் ஓர் அடி முன்னால் வந்தார். "கங்காணி, உங்க புள்ளைங்களோடத எரிச்சாச்சு. ஜோடி போச்சு. இனிமே பயம் இல்லல்ல? எம் மவனோடத விட்டுடுங்க. அவன்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

கங்காணி சாக்கைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

பின்னால் இருந்து அவர் சம்சாரம் நடந்து வந்தாள். பெண்கள் வழிவிட்டார்கள். கங்காணி கையிலிருந்து சாக்கை வாங்கித் தரையில் வைத்து வாயைப் பிரித்தாள். அந்தப் பொம்மைகளை அன்றைக்குத்தான் அவள் பார்க்கிறாள். பாசி பிடித்த லாரியை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள்.

"அவன தெனம் எழுப்பிக்கிட்டே இருந்திருக்கீங்களே" என்றாள் புருஷனைப் பார்த்து. சத்தமே இல்லாமல் சொன்னாள். "நான் அவன் தூங்குறான் தூங்குறான்னு நெனச்சுக்கிட்டுத்தான சோறு திங்கறேன். நீங்க போயி வா வெளையாடு வா வெளையாடுன்னு எழுப்பியிருக்கீங்களே. தூங்கட்டும். விடுங்க. எம் புள்ள தூங்கட்டும்."

ஒவ்வொன்றாக எடுத்து அவளே தீயில் வைத்தாள். வீசவில்லை, வைத்தாள். ஈரப் பலகை எரியவில்லை. புகைந்தது. கங்காணி சீமெண்ணெய் கொண்டுவரச் சொன்னார். அதை ஊற்றியும் அரைகுறையாகத்தான் எரிந்தது. பெட்டிக்காரர் அவளைத் தடுக்கவில்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கொட்டகைக்குத் திரும்பி வந்து அவன் உட்காருகிற மூலையைப் பார்த்து அழுதேன்.

நாலைந்து நாளில் சேகருக்கு ஜன்னி தெளிந்து காய்ச்சல் இறங்கியது. டாக்டரின் ஊசியை யாரும் பேசவில்லை. எரித்ததால்தான் பிழைத்தான் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு அவர் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்ல ஒரு வழியும் இல்லாமல் போனது.

பெட்டிக்காரரை யாரும் தள்ளி வைக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார். பிள்ளைகள் விவரம் தெரியாமல் போய், "மாமா, லாரி செஞ்சு குடுங்க" என்று நிற்கும். "ரம்பம் ஒடஞ்சு போச்சுய்யா" என்பார். ரம்பம் உடையவில்லை. ஆணியில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். கொட்டகையைக் கடக்க வேண்டியிருந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பார். ஜன்னலில் வாய் பிளந்த பலகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் அவர் சம்சாரம் துணி காயப்போட்டாள்.

எனக்கு அப்புறம்தான் ஒரு மகள் பிறந்தாள். பெட்டிக்காரர் வந்து பார்க்கவில்லை. அவர் சம்சாரம் மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிட்டுப் போனாள்.

எண்பதுகளில் பலகைப் பெட்டி நின்று காகிதச் சாக்கு வந்துவிட்டது. பெட்டி அடிக்க ஆள் தேவையில்லை. அவரை வெளிக்காட்டுக்கு, தண்ணீர் ஓடுகிற கான் வெட்டுகிற வேலைக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரருக்கும் தோட்டம் அலுத்துப்போய், கம்போங் ராஜாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டார். நாங்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த காலையில் பெட்டிக்காரர் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைக்குள் கையை விட்டு ஒரு யானையை எடுத்து நீட்டினார்.

"புள்ளைக்கு நான் ஒண்ணுமே செஞ்சு தரலியே தங்கச்சி."

கனமாக இருந்தது. ஒட்டுப்பலகை இல்லை. ஓரமெல்லாம் கோணல். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் ஒரு முக்கோண இடைவெளி, அதன் விளிம்பெல்லாம் பழைய ரம்பக் கீறல்கள். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். கட்டையில் திருகு போட்ட துளைகள்தான் இருந்தன. எதன்மேல் வைத்து எல்லாவற்றையும் அறுத்தாரோ, அந்தப் பலகையையே கையில் பிடித்து அறுத்திருக்கிறார். இனி அறுக்க இடம் இல்லை.

என் விரல் தன்னால் யானையின் வயிற்றைத் தடவியது. அவர் பார்த்துவிட்டார்.

"ஆணி அடிக்கல. பயப்படாமக் குடுங்க. இது ஒண்ணுதான்."

"நான் என்னிக்குண்ணே பயந்தேன்?" என்றேன். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "அவனுக்கு?"

"தூங்கட்டும்னு சொல்லிட்டாளே" என்றார்.

மகள் யானையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு லாரியில் ஏறினாள். என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினார். நான் பின்னால், அம்மிக்கும் பாய்ச்சுருட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். லாரி நகர்ந்தது. பெட்டிக்காரர் வீட்டுக்குப் போவார் என்று பார்த்தேன். பொம்மை கொடுத்த பிறகு போகிற வழக்கத்தில், கால் அதுபாட்டுக்கு மேட்டுப் பாதையில் ஏறியது. பாதித் தூரம் போனவர் நின்றார். சட்டைக்குள் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தபடி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, வந்த வழியே இறங்கினார்.